பழைய கணினிக்கு எஸ்எஸ்டி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பிள்ளைகளின் இயங்கலைப் பாடத்திற்காக அவசர அவசரமாக வாங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில ஓடவில்லை, ஊர்கின்றன. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அன்று ஆரம்பப் பள்ளியில் இருந்த பிள்ளை இப்போது எஸ்பிஎம் தேர்வுக்கு நெருங்கிவிட்டது. புதுக் கணினி கேட்கிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 ரிங்கிட். ஓரளவு நல்ல புதிய மடிக்கணினி அந்தச் சம்பளத்தை முழுதாகவே விழுங்கிவிடும்.

இந்த நிலையில் கடைக்காரர்கள் முதலில் சொல்லும் வைத்தியம், "எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள்" என்பதுதான். பெரும்பாலும் அது சரியான வைத்தியம். ஆனால் எல்லாக் கணினிக்கும் அல்ல. அதோடு, எந்த எஸ்எஸ்டியும் எந்தக் கணினியிலும் பொருந்திவிடும் என்பதும் இல்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து வாங்கிப் போகிறவர்கள் தவறான ஒன்றை எடுத்துச் சென்றால், மாற்றிக்கொள்ள மறுபடி வரவேண்டும். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீணாகும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பழைய கணினிகளில் தகவல்களைச் சேமித்து வைப்பது வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். அதனுள் உலோகப் பூச்சுள்ள தட்டு ஒன்று சுழலும். அதன்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும். பழைய இசைத்தட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி ஆகிறது. தேவையான இடத்துக்குக் கை நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேர ஏறக்குறைய 15 மில்லிவினாடி பிடிக்கும். மிகச் சிறிய நேரம்தான். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதே ஓட்டம்.

எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வது எதுவுமில்லை. பெண்டிரைவில் இருப்பது போன்ற நினைவகச் சில்லுகள்தாம், ஆனால் அதைவிடத் தரமானவை. எந்த இடத்தில் இருக்கும் தகவலையும் 0.1 மில்லிவினாடி அளவில் எட்டிப் பிடித்துவிடும். வன்தட்டைவிட இது நூறு மடங்குக்கும் மேல்.

பணத்தை மிச்சப்படுத்தும் விஷயம் இங்குதான் இருக்கிறது. வன்தட்டுக்கும் மிக மலிவான எஸ்எஸ்டிக்கும் இடையிலுள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. மலிவான எஸ்எஸ்டிக்கும் விலை உயர்ந்த எஸ்எஸ்டிக்கும் உள்ள தூரமோ வீட்டு வேலைகளில் கண்ணுக்கே தெரியாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. சாட்டா வகை எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 எம்பி, நான்காம் தலைமுறை 7,000 எம்பி, ஐந்தாம் தலைமுறை 14,000 எம்பி வரை போகும். இவையெல்லாம் பெரிய கோப்பு ஒன்றை ஒரே ஓட்டமாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். திருமண வீடியோ தொகுப்பவருக்கு அது தேவைப்படலாம். வேர்ட் கோப்பைத் திறந்து வீட்டுப்பாடம் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு 550-க்கும் 7,000-க்கும் வித்தியாசம் தெரியாது.

முதலில் கணினியைப் பரிசோதியுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் 'டிஸ்க்' என்ற இடத்தில் எச்டிடி என்றோ எஸ்எஸ்டி என்றோ காட்டும். எச்டிடி என்று இருந்து, கணினி திணறும்போது அதன் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது என்றால், நோய் வன்தட்டில்தான்.

அதே இடத்தில் 'மெமரி' என்பதையும் பாருங்கள். மொத்தம் 4 ஜிபி ரேம் மட்டுமே இருந்து, உலாவியைத் திறந்ததுமே 85, 90 விழுக்காடு நிறைந்துவிடுகிறது என்றால் எஸ்எஸ்டி மட்டும் போதாது. ரேமையும் 8 ஜிபியாக உயர்த்த வேண்டியிருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டால், பணம் கொடுத்தும் பாதி பலன்தான் கிடைக்கும்.

ஏற்கனவே எஸ்எஸ்டி என்று காட்டினால் இரண்டாவது ஒன்று வாங்குவதால் வேகம் கூடப் போவதில்லை. இடம் போதாமல் இருப்பது, ரேம் குறைவு, தேவையற்ற மென்பொருள்கள் என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது.

மலிவு விலை மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றில் சிலவற்றில் வன்தட்டும் இல்லை, எஸ்எஸ்டியும் இல்லை. 32 அல்லது 64 ஜிபி கொண்ட இஎம்எம்சி என்ற சில்லு, தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறொன்று போட முடியாது. ஒரு சில மாடல்களில் எஸ்எஸ்டிக்கென்று காலி இடம் விட்டிருப்பார்கள். பலவற்றில் அதுவும் இருக்காது. இத்தகைய கணினிக்குப் பணம் செலவு செய்யாமல் இருப்பதே நல்லது.

விண்டோஸ் 10 விவகாரமும் இருக்கிறது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீளும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கணினியின் ஒட்டுத்தாளில் ஐ5-8250 என்று இருந்தால் அது 8-ஆம் தலைமுறை. ஐ5-7200 என்று இருந்தால் 7-ஆம் தலைமுறை. எஸ்எஸ்டி போட்டாலும் இந்தத் தடை நீங்காது. அப்படிப்பட்ட கணினியை உலாவி, யூடியூப், கட்டுரை எழுதுவது ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்துவதானால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். பள்ளி வேலைக்கு விண்டோஸ் கட்டாயம் என்ற வீடுகளில், 7-ஆம் தலைமுறைக்கும் முந்தைய கணினிக்குப் பெரிய தொகை போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

பொருந்துமா?

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகள் இரண்டு உருவங்களில் வருகின்றன.

ஒன்று, 2.5 அங்குலப் பெட்டி வடிவம். பழைய மடிக்கணினி வன்தட்டின் அதே அளவு, சாட்டா இணைப்பு. வன்தட்டைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். ஏறக்குறைய 15 ஆண்டுக்கு முந்தைய கணினியில் சாட்டா வேகம் பாதியாக இருக்கலாம். இருந்தாலும் எஸ்எஸ்டி வேலை செய்யும், பலனும் தெரியும். மேசைக் கணினியிலும் இதையே போடலாம். அதற்கு ஒரு சாட்டா தரவு வயரும், மின்பெட்டியில் ஒரு காலி இணைப்பும் தேவை. வயர் பெரும்பாலும் எஸ்எஸ்டியோடு வராது; தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றொன்று எம்.2. சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய பலகை. 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 என்ற குட்டையானவையும் உண்டு. குட்டைக்கு மட்டுமே இடமுள்ள கணினியில் 2280 நுழையாது.

குழப்பம் இதோடு முடியவில்லை. எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. அந்த உருவத்துக்குள் சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். பலகையில் இருக்கும் பள்ளம் பொருந்துகிறது, உள்ளே போகிறது என்பதால் மட்டும் வேலை செய்துவிடாது. சில கணினிகளின் எம்.2 துளை சாட்டாவை மட்டுமே அறியும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். உள்ளே அழகாக உட்கார்ந்துவிட்டு, கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே கடைக்குப் போகுமுன் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் விவரக்குறிப்பைத் தேடிப் பார்க்கலாம். கிங்ஸ்டன் நிறுவனத்தின் இணையத்தளத்திலும் மாடலைக் கொடுத்தால் பொருந்தும் எஸ்எஸ்டிகளைப் பட்டியலிட்டுக் காட்டும். முடிந்தால் கணினியையே கையோடு கொண்டு போய்விடுவது அதைவிட மேல்.

என்விஎம்இ துளை உள்ளவர்களுக்கு ஒரு நிம்மதி: தலைமுறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை மூன்றாம் தலைமுறைக் கணினியில் போட்டால் மூன்றின் வேகத்தில் ஓடும். இரண்டும் ஒரே விலை என்றால் எதை எடுத்தாலும் சரி. ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதல் காசு கொடுப்பது மட்டும் வீண்.

எத்தனை ஜிபி?

120 ஜிபி மிக மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடலாம். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. புதுப்பிப்புகள் வந்து வந்து இடத்தைத் தின்னும். மேசைக் கணினியில் பழைய வன்தட்டையும் படங்களுக்காக வைத்துக்கொள்வதாக இருந்தால் 240 அல்லது 256 ஜிபி போதும். எஸ்எஸ்டி ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் மடிக்கணினிக்கு 480 முதல் 512 ஜிபி வரை உள்ளது பொருத்தமானது. குடும்பத்தில் எல்லாருடைய கைப்பேசிப் படங்களும் அதற்குள்தான் வந்து விழும் என்றால் 1 டெராபைட்.

விலையை ஜிபி கணக்கில் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 240 ஜிபி 96 ரிங்கிட், 480 ஜிபி 144 ரிங்கிட் என்று ஒரு கடையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது ஜிபிக்கு 40 சென், இரண்டாவது 30 சென். இரட்டிப்பு இடத்துக்குப் பாதி விலைதான் கூடுகிறது.

1 டெராபைட் வாங்கிப் போட்டால் கணினி 931 ஜிபி என்றே காட்டும். 480 ஜிபி 447 ஆகத் தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

மலிவு எங்கே குறைகிறது?

ஒரே அளவுள்ள இரண்டு எஸ்எஸ்டிகளுக்கு விலை வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் சில்லின் வகை. டிஎல்சி வகை ஓர் அறையில் 3 பிட் தகவலை அடைக்கும். கியூஎல்சி 4 பிட். அதிகம் அடைத்தால் செலவு குறையும், எழுதும் வேகமும் ஆயுளும்கூடக் குறையும். சாம்சுங் 870 கியூவிஓ 1 டெராபைட் இதற்கு நல்ல உதாரணம். முதல் 42 ஜிபி வரை வினாடிக்கு 530 எம்பி வேகத்தில் எழுதும். அந்த இடைத்தாங்கி நிரம்பிவிட்டால் 80 எம்பிக்கு இறங்கிவிடும் என்று நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. பல வன்தட்டுகளைவிட அது மெதுவானது. ஆனால் ஒரே மூச்சில் 42 ஜிபி நகல் எடுக்கும் வீடு எத்தனை? அப்படிச் செய்யாதவர்களுக்குக் கியூஎல்சி பாதகமில்லை. விலை வித்தியாசம் பத்து, இருபது ரிங்கிட்தான் என்றால் டிஎல்சியை எடுக்கலாம்.

விவரக்குறிப்பில் டிபிடபிள்யூ என்ற எண்ணும் இருக்கும். உத்தரவாதக் காலத்தில் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதன் வரம்பு அது. கிங்ஸ்டன் ஏ400 வகையின் 240 ஜிபிக்கு 80 டெராபைட், 3 ஆண்டு உத்தரவாதம். சாம்சுங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட், 5 ஆண்டு. எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 80 டெராபைட் தீர 4,000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும். வீட்டுக் கணினியில் அவ்வளவு எழுதும் நாள்கள் அபூர்வம். இந்த எண்ணைவிட உத்தரவாத ஆண்டுகளே வாங்குபவருக்கு முக்கியம்.

விலை பற்றி ஓர் எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து எஸ்எஸ்டி, ரேம் இரண்டின் விலையும் ஏறின. அதற்கு முந்தைய யூடியூப் காணொளிகளில் சொல்லப்படும் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பழைய விலைக்கே, அதைவிடவும் குறைவாக, இன்று ஒருவர் விற்கிறார் என்றால் மகிழ்வதற்குமுன் சந்தேகப்பட வேண்டும்.

போலிகள்

இணையவழி விற்பனைத் தளங்களில் 16 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி சில பத்து ரிங்கிட்டுக்குக் காட்டப்படுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கைப்பேசியில் போடும் சிறு மெமரி கார்டுதான் இருக்கும். 16 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் புதிய படங்கள் பழைய படங்களின் மேலேயே எழுதப்படும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. போன பணத்தைவிட, அதற்குள் போட்ட குழந்தையின் காதணி விழாப் படங்களும் இறந்துபோன பாட்டியின் காணொளியும் திரும்பி வராது என்பதுதான் பெரிய இழப்பு.

அறிமுகமான பெயர் கொண்டவற்றிலும் போலிகள் உலவுகின்றன. வாங்கியதும், முக்கியமான எதையும் போடுவதற்கு முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழு இடத்தையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மற்றொரு இலவசக் கருவி, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்பதைக் காட்டும். புதியது என்று விற்கப்பட்டது 3,000 மணி நேரம் ஓடியிருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். பழையதைத் தெரிந்தே வாங்குபவர்களும் இந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாதம் உண்டா என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால், பழுதானால் அங்கேயே அனுப்ப வேண்டியிருக்கலாம். அதோடு, இயங்கலையில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் உள்ளூர் விலையோடு ஒப்பிட வேண்டும்.

கடைக்காரர் கைவிரித்துவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுச் செய்ய 5 ரிங்கிட் கட்டணம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நூற்றுச் சொச்சம் ரிங்கிட்டுக்காக நடுவர் மன்றமா என்று தயங்க வேண்டாம். இத்தகைய சிறு கோரிக்கைகளுக்காகவே அது அமைக்கப்பட்டது. ரசீதோ, இயங்கலைப் பணப் பதிவோ கையில் இருந்தால் போதும்.

மாற்றும்போது

பழைய வன்தட்டில் உள்ளதை அப்படியே புதியதற்குப் படியெடுக்கலாம். சாம்சுங் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கு அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லா எந்த நிறுவனத்துக்கும் பயன்படும். ஆனால் ஐந்தாறு ஆண்டுக் குப்பையும் கூடவே வரும். 8 ஜிபி பெண்டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவுவதே சுத்தமான வழி. முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் அதே கணினியில் இணையத்தோடு இணைந்ததும் பொதுவாகத் தானாகவே உரிமத்தை அடையாளம் கண்டுகொள்ளும். மறுபடி விண்டோஸுக்குக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம்: தகவல் மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கும். சாவி அவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் பழைய வன்தட்டில் உள்ள எதையும் வேறு கணினியில் படிக்க முடியாது.

வேலை முடிந்ததும் பழைய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அடையாள அட்டையின் நகல், வங்கிக் கணக்கு விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அழித்துவிட்டதாக நினைப்பவற்றையும் மீட்டெடுக்க முடியும்.

அந்த வன்தட்டுக்கு வீட்டில் வேலையும் இருக்கிறது. வன்தட்டு பழுதாகுமுன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரங்களில் முன்னறிவிப்பில்லாமல் ஒரேயடியாக நின்றுவிடும். அதிலிருந்து அழிந்ததை மீட்பதும் மிகக் கடினம். மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைப்பதற்கும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல. எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், 30 பாகை வெப்பத்தில், ஓராண்டு வரை தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரநிலை. நம் நாட்டு வெப்பம் அந்த 30 பாகையை எளிதில் தாண்டும்.

ஆகவே, கழற்றிய வன்தட்டு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'குட்' என்று காட்டினால், யுஎஸ்பி இணைப்புள்ள 2.5 அங்குல உறை ஒன்றை எஸ்எஸ்டி வாங்கும்போதே கேட்டு வாங்கி, அதற்குள் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை புதிய படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் அதில் நகலெடுத்துவிட்டு, கணினியிலிருந்து பிரித்து, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடலாம்.